துணைக்கு வந்த சந்தேகம்

மஞ்சுமலைக்கு ரோப்காரில் போய்வந்தவர்கள் ஏராளம். அதை ஓட்டுகிறவரைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஓட்டுவதற்கு ஆளே கிடையாது. அடிவாரத்தில் கிளம்பி, தேயிலைச் சரிவுக்கும் காட்டுக்கும் ஆழமான பள்ளத்தாக்குக்கும் மேலாக ஊர்ந்து, மேகத்துக்குள் நுழைந்து மலையூரைத் தொடும் அந்தக் கம்பிவடத்தையும் அதில் தொங்கும் பெட்டிகளையும் 'துணை' என்கிற கணினி அமைப்பு தன்னந்தனியாக நிர்வகித்து வந்தது.

எந்தச் சக்கரம் தேய்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். மாற்றுச் சக்கரத்துக்கு அதுவே சொல்லி அனுப்பும். கூட்டத்தைப் பார்த்துப் பெட்டிகளைக் கூட்டும், குறைக்கும். தனக்கே உடம்பு சரியில்லை என்று பட்டால் நின்றுவிடும். அதற்குள் மூன்று மூளைகள் இருந்தன. வேறுவேறு ஆட்கள் வேறுவேறு ஊர்களில் செய்தவை. ஒன்று சொல்வதை மற்ற இரண்டும் எப்போதும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தது இரண்டாவது ஒத்துப்போனால்தான் ஒரு பெட்டியாவது நகரும்.

இவ்வளவையும் கணினியிடம் விட்ட அரசாங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மூன்று மூளைகளும் மூன்று திசையில் இழுக்கும்போது முடிவு சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் எந்நேரமும் ஒரே நிதானத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பதவிக்கு 'நம்பகர்' என்று பெயர் வைத்தார்கள். அதில் உட்கார்ந்தவள் தாட்சாயணி.

நாற்பத்தாறு வயது. பொறியியல் படித்தவள். துணையை வடிவமைத்த குழுவில் இருந்தபோது மிகக் கடுமையான இரண்டு விதிகளை எழுதியவளும் அவள்தான். வேறோர் ஊரில் எவனோ ஒருவன் அதிகாரியின் குரலையும் கைரேகையையும் போலி செய்து ஒரு பெரிய மின்தூக்கியை ஓட்டிப் பார்த்துவிட்ட சமயம் அது. தாட்சாயணி குழுவில் எழுந்து நின்று, துணை இயந்திரங்களை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது, நம்பகரையும் சந்தேகப்பட வேண்டும் என்றாள். முகமும் குரலும் திருடுபோகும். ஒரு மனிதர் நடக்கிற விதமும் பேசுகிற விதமும் அவ்வளவு எளிதில் திருடுபோகாது. அவை மாறினால் நம்பகரையே வெளியே நிறுத்த வேண்டும் என்றாள். இரண்டாவது விதி, அப்படி ஒரு தகராறு வந்தால் அதில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் பெட்டிகளில் தொங்கிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பது. யாருடைய உயிரோ அவர்களுக்குத் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது என்று மேசையைத் தட்டினாள். குழுத்தலைவர் முகம் சுளித்தார். விதி நிறைவேறியது.

பிறகு ஒன்பது வருஷம் அவள் அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரே மாதிரி வந்தாள். ஒரே மாதிரி படியேறி, ஒரே மாதிரி உட்கார்ந்து, "ம்", "சரி", "நிறுத்து", "போகட்டும்" என்ற நான்கு சொற்களில் பெரும்பாலான நாட்களைக் கழித்தாள். அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், அம்மாவும் போனாள். கல்யாணப் பேச்சு தானாகவே ஓய்ந்துபோயிற்று. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. ரோப்கார் ஓடியது, அது போதும் என்று இருந்தாள்.

இதில் சௌந்தரபாண்டி எங்கே வந்தார் என்றால், மேல் நிலையத்தின் வாசலில் வந்தார். ரோப்கார் வந்த பிறகு மலைப்பேருந்துகள் ஒவ்வொன்றாக நின்றுபோய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. தொங்கும் பெட்டியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது என்கிறவர்களுக்கான வண்டி. அதன் ஓட்டுநர் அவர். மனைவியை இழந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தாட்சாயணி வெளியே வரும்போதெல்லாம், "இன்னைக்கு என் ஆளுக எத்தன பேரத் தூக்கிட்டீங்க மேடம்?" என்று கேட்பார். அவள் ஆரம்பத்தில் அதை நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, பயணிகளின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிட்டுப் போவாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அவள் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவர் சிரிக்காத நாள் வெறிச்சென்று இருக்க ஆரம்பித்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் பேருந்தின் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"இத்தன வருசமா மலையில வண்டி ஓட்டுதேன். பிரேக் எங்க இருக்குன்னு தூக்கத்துலயும் தெரியும். ஒங்ககிட்டப் பேசும்போது மட்டும் தேடவேண்டியிருக்கு. நாம கல்யாணம் செஞ்சுக்கிட்டா என்ன?"

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் தாட்சாயணி. நிலையத்தின் வளைவு வரை போனாள். திரும்பி வந்தாள்.

"யோசிச்சிட்டேன். சரி."

அதற்குப் பிறகு அவள் வீடு போய்ச் சேர்ந்தது எப்படி என்று அவளுக்கே நினைவில்லை.

வீட்டில் அண்ணன் ஆவுடையப்பனும் மதினி சங்கரவடிவும் இருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சில நாட்கள் தங்கியிருந்துவிட்டு மறுநாள் காலை ஊர் திரும்ப இருந்தார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டைத் தாங்கியவர் அண்ணன். வாய்க்கு வாய் அதட்டுவார்; அதட்டியே வளர்த்தவர். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று தாட்சாயணி காலையில் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவை அண்ணனுடைய இட்லியில் சாம்பாருக்குப் பதில் காபியை ஊற்றினாள்.

"மேலுக்கு முடியலயா தாட்சா?" என்று மதினி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லி இருவரையும் ரோப்கார் பெட்டியில் ஏற்றி, கதவு மூடும் வரை கையாட்டி அனுப்பிவைத்தாள். ஊருக்குப் போனதும் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவுடன் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய வேகத்தில் கால்கள் தரையில் பாவவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஏதோ ஒரு பாட்டு வாயில் வந்துகொண்டே இருந்தது. சுழல் நாற்காலியில் தொப்பென்று விழுந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.

"என்ன தொண, சாப்ட்டியா?" என்றாள்.



"நான் சாப்பிடுவதில்லை" என்றது துணை.

அவளுக்கு அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

அப்போதுதான் வடம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நகர்ந்துகொண்டிருந்த பெட்டிகள் மெல்லத் தயங்கி, அப்படியே அந்தரத்தில் நின்றன. தாட்சாயணி நாற்காலியைக் காலால் நிறுத்தினாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

நான்காவது கோபுரத்தின் காற்றுக்கருவி கடும்புயல் என்று சொல்வதாகவும், பக்கத்திலேயே இருக்கும் ஐந்தாவது கோபுரம் இலைகூட அசையவில்லை என்று சொல்வதாகவும் துணை தெரிவித்தது. நான்காவது கோபுரத்தை மேகம் மூடியிருந்ததால் கேமராவில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. புயல் உண்மையென்றால் கோபுரத்தைக் கடக்கும் பெட்டிகள் தூணில் மோதும். அசையாமல் நிற்பதே நல்லது. பொய்யென்றால் உடனே எல்லோரையும் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் மேற்கேயிருந்து நிஜமான மழைக்காற்று ஒன்று கிளம்பி மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் வந்துவிடும். மீட்புக்குழு ஒவ்வொரு பெட்டியாகக் கயிறு கட்டி ஆட்களை இறக்கினால் சாயங்காலம் ஆகிவிடும். மூன்று மூளைகளில் ஒன்று நிற்கலாம் என்றது, ஒன்று போகலாம் என்றது, ஒன்று தெரியவில்லை என்றது.

தாட்சாயணிக்குக் கிறுகிறுப்பெல்லாம் போய்விட்டது. இரண்டு கோபுரங்களின் அளவுகளையும் கண்முன் கொண்டுவரச் சொன்னாள்.

"இயலாது" என்றது துணை. "நீங்கள் தாட்சாயணி அல்ல என்று சந்தேகிக்கிறேன்."

தன் காதில் விழுந்தது சரிதானா என்று அவளுக்குப் புரியவில்லை. துணை நிதானமாக விளக்கியது. முகம் பொருந்துகிறது, கைரேகை பொருந்துகிறது, குரல் பொருந்துகிறது. இவை மூன்றும் திருடக்கூடியவை. தாட்சாயணி படிகளை ஒவ்வொன்றாக ஏறுவார். தாட்சாயணி நாற்காலியைச் சுழற்றியதில்லை. தாட்சாயணி ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

"தாட்சாயணி பாடுவதும் இல்லை" என்றது. "நீங்கள் பாடினீர்கள். சுருதியும் சரியில்லை."

"ஏ, நான்தான். சத்தியமா நான்தான்."

"தாட்சாயணி சத்தியம் செய்ததில்லை."

இந்த விஷயத்தில் மூன்று மூளைகளும் ஒன்றாக இருந்தன.

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் போனில் வந்துவிட்டார். உனக்குத் தெரியாத குறுக்குவழி இருக்குமா, உள்ளே புகுந்து ஓட்டிவிடு என்று கத்தினார். குறுக்குவழி எதுவும் இல்லை என்றாள் தாட்சாயணி. யாருக்கும் குறுக்குவழி இருக்கக் கூடாது என்றுதான் இதைக் கட்டினோம், தனக்கு ஒன்று இருந்தால் நாளைக்குத் திருடனுக்கும் ஒன்று இருக்கும் என்றாள். யார் கட்டினார்கள் என்று அவர் கோபமாகக் கேட்டார். நான்தான் என்று சொல்லி அவள் போனை வைத்தாள். ஜன்னலில் அண்ணன் ஏறிய பெட்டியைத் தேடினாள். அது மேகத்துக்குள் எங்கோ இருந்தது.

வழி உண்டு என்று துணையே சொன்னது. நடத்தை மாறியதற்கான காரணத்தை அவள் சொல்ல வேண்டும். தான் அவளை அறிவதற்கு முன்பே அவளை அறிந்த ஒருவர், அந்தக் காரணத்தால் தனக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒருவர், அதை உறுதிசெய்ய வேண்டும்.

"இதற்கு மேல் நாம் பேசுவது எல்லாப் பெட்டிகளுக்கும் இரண்டு நிலையங்களுக்கும் கேட்கும்" என்றது துணை. "விதி தாட்சாயணி வகுத்தது."

ஒலிபெருக்கிகள் உயிர்பெறும் கரகரப்பு வெளியே கேட்டது. தாட்சாயணி கண்களை மூடிக்கொண்டாள். குழுக்கூட்டத்தில் மேசையைத் தட்டிய கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"காரணம் சொல்லுங்கள்" என்றது துணை.

"சந்தோஷமா இருக்கேன்" என்றாள்.

"தெளிவாகச் சொல்லுங்கள்."

"கல்யாணம் பண்ணிக்கப் போறேன். நேத்து சாயங்காலம் கேட்டாங்க. சரின்னுட்டேன். அதுலேர்ந்து இப்படித்தான் இருக்கு. நானா எதுவும் செய்யல, அதுவா வருது."

ஏதோ ஒரு பெட்டியிலிருந்து ஒரு பெண்ணின் குரல், மாப்பிள்ளை யார் என்று கேட்டது. அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று தாட்சாயணி துணையிடம் கேட்டாள். பயணிகளுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்றது துணை.

"பஸ் ஓட்டுறாங்க" என்றாள். "சௌந்தரபாண்டின்னு பேரு."

சௌந்தரபாண்டி அந்த நேரம் நிலைய வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கி தன் பெயரைச் சொன்னதும் இன்ஜினை அணைத்தார். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கி, படியேறி, கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"வெளியே ஒருவர் சாட்சி சொல்ல விரும்புகிறார்" என்றது துணை. "அவர் இந்த மகிழ்ச்சியால் ஆதாயம் அடைபவர். ஏற்க இயலாது."

பெட்டிகளில் சிரிப்பு கேட்டது. ஒரு பெட்டியில் ஆரம்பித்து இன்னொரு பெட்டிக்குத் தாவியது. பாதாளத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத மேகத்துக்குள் சிரித்தார்கள். ஒரு பெட்டி மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.

அந்தப் பெட்டியிடம்தான் துணை அடுத்துப் பேசியது. ஆவுடையப்பன் என்பவர் தாட்சாயணியின் உடன்பிறந்தவர் என்று தெரிகிறது, பேச விருப்பமா என்று கேட்டது. பதில் வரவில்லை. தாட்சாயணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த முகத்துக்குப் பயந்தவள்தான்.

"அண்ணே" என்றாள். "காலையிலயே சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல."

வடம் லேசாக முனகியது. பிறகு ஆவுடையப்பனின் குரல் வந்தது. எப்போதும் இருக்கிற அதட்டல் அதில் இல்லை.

"அதான் இட்லில காபிய ஊத்துனியா?"

"ஆமாண்ணே."

அவர் செருமினார். பிறகு அவளிடம் பேசாமல், துணையிடம் பேசினார். இது தன் தங்கைதான் என்று தனக்குத் தெரியும், ஆனால் வெறும் வாயால் சொன்னால் நீ நம்புவாயா என்று கேட்டார். நம்பமாட்டேன், உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது வேண்டும் என்றது துணை.

"அப்ப அவளச் சிரிக்கச் சொல்லு" என்றார் ஆவுடையப்பன். "எங்கப்பா இருந்த காலத்துல ஊர்க் கோயில் கொடையில இவள ராட்டினத்துல ஏத்தி விடுவோம். அது சுத்தச் சுத்த இவ சிரிப்பா. சிரிப்பு முடியிற எடத்துல மூக்கு வழியா ஒரு சத்தம் வரும், பன்னிக்குட்டி உறுமுன மாதிரி. கூட இருக்கவன் எல்லாம் அதக் கேட்டே சிரிப்பான். அப்பா போனப்புறம் நான் அதக் கேக்கல. இவ சிரிச்சுதான் எத்தனையோ வருசமாச்சு. கூட இருந்து வளத்தவன், எனக்கே இப்பதான் ஒறைக்கி."

துணை தன்னிடம் இருந்த ஒன்பது வருஷத்து ஒலிகளைத் தேடிப் பார்த்தது. அப்படி ஒரு சத்தம் எங்கும் பதிவாகவில்லை என்றது. எனவே போலி செய்பவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது நல்ல சோதனை என்றது.

"சிரியுங்கள்" என்றது.

தாட்சாயணிக்கு அழுகைதான் வந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் பல்லைக் காட்டிப் பார்த்தாள், ஹஹ்ஹா என்று சொல்லிப் பார்த்தாள். துணை பொருந்தவில்லை என்றது. கண்ணாடிக்கு வெளியே சௌந்தரபாண்டி கன்னத்தை உப்பி, காதை இழுத்து, தன் வயதுக்கு ஒவ்வாத சேஷ்டைகளெல்லாம் செய்தார். அவரைப் பார்க்கப் பார்க்க இன்னும் அழுகை முட்டியது. ஒருவேளை துணை சொல்வதுதான் சரியோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நேற்று மாலையிலிருந்து காபியும் சாம்பாரும் தெரியாத ஒருத்தி, இத்தனை உயிருக்கு முடிவு சொல்லலாமா? துணையின் இடத்தில் அவளே இருந்தால் நம்புவாளா?

அந்த நேரத்தில் மேகம் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். அண்ணனின் பெட்டியில் இருந்து மதினி சங்கரவடிவின் குரல் வந்தது. அவள் இத்தனை நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"தாட்சா, இந்தத் தூணு உச்சில கிண்ணம் கிண்ணமா ஒண்ணு சுத்துமே, அது என்னளா?"

அதுதான் காற்றை அளக்கும் கருவி என்றாள் தாட்சாயணி கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதுல ஒரு கொரங்கு ஒக்காந்திருக்கு. ஒரு கையால கம்பியப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால கிண்ணத்தத் தள்ளித் தள்ளிச் சுத்தி விடுது. நின்னா மறுபடியும் தள்ளுது. அதுக்கு அவ்வளவு குஷி."

தாட்சாயணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூன்று மூளைகளையும் ஒன்றோடொன்று சண்டையிடவைத்த புயல், இயக்குநரைக் கத்தவைத்த புயல், மலையில் எல்லோருக்கும் முன்னால் அவளை மனதைத் திறக்கவைத்த புயல், ஒற்றைக் கையால் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிற்றின் அடியிலிருந்து எதுவோ கிளம்பி மேலே வந்தது. அவள் சிரித்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு முட்ட, விலா வலிக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது.

மேல் நிலையத்திலும் கீழ் நிலையத்திலும் எல்லாப் பெட்டிகளிலும் அது கேட்டது.

"இது எந்தங்கச்சிதான்" என்றார் ஆவுடையப்பன். குரல் உடைந்திருந்தது.

"பொருந்துகிறது" என்றது துணை. "வணக்கம், தாட்சாயணி."

திரையில் எல்லா அளவுகளும் வந்து நின்றன. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். உடனே ஓட்டு என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவள் தனக்குப் பிடித்ததை நம்பிவிடுவாள் என்ற பயம் அவளுக்கு இன்னும் இருந்தது. மதினி பார்த்ததை வேறு யாராவது பார்க்க வேண்டும் என்றாள். கோபுரத்தின் மறுபக்கத்தில் நின்ற பெட்டியில் இருந்தவர்களிடம், எதிரே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டாள். குரங்கு, கிண்ணம், தள்ளுகிறது என்றார்கள். பெட்டி ஆடுகிறதா என்று கேட்டாள். நாங்கள் சிரித்ததில் ஆடியதுதான் என்றார்கள். ஐந்தாவது கோபுரத்தின் அளவை ஒருமுறை சரிபார்த்தாள்.

"மெதுவா போகட்டும்" என்றாள்.

வடம் நகர்ந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோபுரத்தைக் கடந்தன. அண்ணனின் பெட்டி கடக்கும்போது குரங்கு கிண்ணத்தை விட்டுவிட்டு அதன் கூரையில் தாவி உட்கார்ந்துகொண்டது. அடிவாரம் வரைக்கும் ஓசியில் வந்தது என்று மதினி பிறகு சொன்னாள். கடைசிப் பெட்டியும் நிலையத்துக்குள் வந்து கதவு திறந்தபோது, மழைக்காற்று வந்து ஜன்னல்களை அறைந்தது. தாட்சாயணி ரோப்காரை நிறுத்தினாள். வெளியே எங்கோ கைதட்டினார்கள்.

அறையில் அவளும் துணையும் மட்டும் இருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே சௌந்தரபாண்டி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"ஒரு கேள்வி இருக்கிறது" என்றது துணை. "இப்போது யாருக்கும் கேட்காது."

கேள் என்றாள்.

"ஒன்பது ஆண்டுகள் நீங்கள் வந்த விதத்தை, அதுதான் உங்கள் நலமான நிலை என்று பதிந்துவைத்திருந்தேன். அது என் பிழையா?"

தாட்சாயணி மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஒன் பிழை இல்ல" என்றாள். "நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

"பதிவை மாற்றட்டுமா?"

"மாத்து. ஆனா இன்னைக்கு இருக்க மாதிரிதான் நான்னு எழுதிராத. நாளைக்கு எப்படி வருவேன்னு எனக்கே தெரியாது."

அப்படியானால் உங்களை எப்படி அடையாளம் காண்பது என்று துணை கேட்டது. கதவை அடைப்பதற்கு முன்னால் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேள், சொல்கிறேன் என்றாள் அவள். துணைக்குள் மூன்று மூளைகளும் அதைப் பற்றிக் கலந்துகொண்டன. இரண்டு ஒத்துக்கொண்டன. மூன்றாவது யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டது.

மழை விட்டு ரோப்கார் மறுபடி ஓடியதும் அண்ணனும் மதினியும் மேலே வந்துசேர்ந்தார்கள். அடிவாரத்தில் அவர்கள் பிடிக்கவிருந்த ரயில் எப்போதோ போய்விட்டது. நிலைய வாசலில் கூட்டமாக இருந்தது. தடை ஏற்பட்டால் துணை காரணத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு அப்போதுதான் பெரிய திரையில் வந்திருந்தது. ஆவுடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

'இன்றைய தடைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, குரங்கு. மற்றொன்று, நம்பகரின் மகிழ்ச்சி. முதலாவது மீண்டும் நேராதிருக்கக் கருவிக்குக் கம்பிவலை போடப்படும். இரண்டாவதில் சரிசெய்ய எதுவும் இல்லை.'

பக்கத்தில் நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பியபோது தாட்சாயணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குச் சற்றுத் தள்ளி, காக்கிச் சட்டை நனைந்து ஒட்டியபடி, வண்டிச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு சௌந்தரபாண்டி. மதினி அதற்குள் அந்த ஆளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து முடித்திருந்தாள்.

அடுத்த ரயில் சாயங்காலம் என்றார் ஆவுடையப்பன் பொதுவாக. இன்னொரு தடவை அந்தப் பெட்டியில் தொங்கத் தன்னால் ஆகாது என்றார். பேருந்து எப்போது கிளம்பும் என்று கேட்டார். இப்பவே கிளப்பலாம் என்றார் சௌந்தரபாண்டி.

தாட்சாயணி அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பேருந்தில் ஏறினாள். மதினிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் பின்னால் வரவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைக் கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்தார். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. நனைந்த தேயிலை வாசமும் டீசல் வாசமும் கலந்து உள்ளே வந்தன. ஊரின் கடைசிக் கடை தாண்டியதும் சாலை சட்டென்று கீழே விழுந்து வளைந்தது.

ஆவுடையப்பன் வண்டியின் முன்கண்ணாடி வழியாக அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"முத வளைவு வருது" என்றார். "கொஞ்சம் பாத்துப் போங்க மாப்ள."